வாழை எந்தப் பக்கம் சாயும்? முப்பரிமாணத்தில் திருப்புத்திறன்

ஆடி மாதத்தில் களக்காட்டுப் பக்கம் வாழை போட்டவர்களுக்கு நிம்மதியான தூக்கம் கிடையாது. மேற்கு மலையைத் தாண்டி இறங்கும் காற்று, தார் தள்ளி நிற்கும் ஏத்தன் வாழைகளை ஒரே இரவில் வரிசையாகப் படுக்கவைத்துவிடும். வாழையை மரம் என்று சொல்வது நம் வாய்ப்பழக்கம்தான். உண்மையில் அது மரமல்ல. இலை மட்டைகள் ஒன்றையொன்று சுற்றி உருண்டு தண்டு போல நிற்கின்றன. வேரும் ஆழம் போகாது. தலையில் தாரின் சுமை, பக்கவாட்டில் காற்று, பிடித்துக்கொள்ளக் கிழங்கைச் சுற்றிக் கொஞ்சம் மண். அதனால்தான் கம்பு முட்டுக் கொடுக்கிறார்கள், கயிறு இழுத்துக் கட்டுகிறார்கள்.

அக்காள் வீட்டுத் தோட்டத்தில் அப்படிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோதுதான் பொறியியல் முதலாண்டு படிக்கும் மருமகன் கேட்டான்: "மாமா, முப்பரிமாணத்தில் திருப்புத்திறன் என்று ஒரு பாடம் நடத்தினார்கள். அணிக்கோவை போட்டால் விடை வந்துவிடுகிறது. வந்த விடை எதைச் சொல்கிறது என்றுதான் தெரியவில்லை."

நியாயமான கேள்வி. நான் படித்த காலத்திலும் எங்களுக்கு, எண்களைக் கட்டமாக அடுக்கிப் பெருக்கிக் கழிக்கும் அந்த அணிக்கோவையைத்தான் முதலில் சொன்னார்கள். வாழையை யாரும் காட்டவில்லை.

பள்ளிக்கூடத்தில் படித்த அளவில் திருப்புத்திறன் எளிது. கதவைக் கீலுக்குப் பக்கத்தில் தள்ளினால் நகராது; ஓரத்தில் தள்ளினால் ஒரு விரல் போதும். விசையை, சுழலும் புள்ளியிலிருந்து விசைக்கோட்டுக்கு உள்ள செங்குத்துத் தொலைவால் பெருக்கினால் திருப்புத்திறன் வந்துவிடும். விசை நியூட்டனில், தொலைவு மீட்டரில், விடை நியூட்டன் மீட்டரில். சுழற்சி இடஞ்சுழி என்றால் கூட்டல் குறி, வலஞ்சுழி என்றால் கழித்தல் குறி. தாளில் வரைகிற எல்லாவற்றுக்கும் இது போதும்.

தோட்டத்துக்குள் வந்தால் போதாது. தண்டின் பாதியில் கட்டிய கயிறு சாய்வாக இறங்கி, தென்மேற்கில் எங்கோ அடித்த முளையில் முடிகிறது. தார் வடகிழக்கில் தொங்குகிறது. காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் செங்குத்துத் தொலைவைக் கண்டுபிடிக்கப் போனால் முக்கோணத்துக்கு மேல் முக்கோணமாக வரைந்து தாள் தீர்ந்துவிடும். அதுவும் கிடைத்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு விசையும் வேறொரு அச்சைச் சுற்றித் திருப்புகிறது. இடஞ்சுழி, வலஞ்சுழி என்ற இரண்டே குறிகளை வைத்துக்கொண்டு அவற்றை எப்படிக் கூட்டுவது? அளவோடு திசையையும் சேர்த்துச் சொல்லும் வெக்டர் முறை இந்த இரண்டு சிக்கலையும் ஒன்றாக அவிழ்க்கிறது. செங்குத்துத் தொலைவை நாம் தேட வேண்டியதே இல்லை. விசைக்கோட்டில் கைக்கு எட்டிய ஏதாவது ஒரு புள்ளி கிடைத்தால் போதும்.

முதலில் திசைகளுக்குப் பெயர் வைப்போம். தண்டு மண்ணைத் தொடும் இடம் நம் தொடக்கப் புள்ளி. அங்கிருந்து கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு, மேலே எவ்வளவு என்ற மூன்று எண்களால் எந்த இடத்தையும் சொல்லிவிடலாம். அந்த மூன்றையும் க, வ, ம என்று குறிப்போம். இதுதான் நிலை வெக்டர். விசையும் அப்படித்தான்: கிழக்கே தள்ளும் பகுதி, வடக்கே தள்ளும் பகுதி, மேலே தூக்கும் பகுதி. அவற்றுக்குக் கா, வா, மா என்று பெயர். குறில் வந்தால் இடம், நெடில் வந்தால் விசை. பாடநூலில் வேறு எழுத்துகள் இருக்கும், கணக்கு ஒன்றுதான். மேற்கு, தெற்கு, கீழ் எல்லாம் கழித்தல் குறியோடு வரும்.

இப்போது தோட்டத்துக்கு மேலே பறக்கும் காகத்தின் கண்ணால் கீழே பாருங்கள். கிழக்கு வலப்பக்கம், வடக்கு மேல்பக்கம்; வரைபடத்தில் இருப்பது போலவே தெரியும். தண்டு ஒரு புள்ளியாகத் தெரிகிறது. தண்டிலிருந்து கிழக்கே 'க' தொலைவில் வடக்கு நோக்கி 'வா' அளவு தள்ளினால் என்ன ஆகும்? இடஞ்சுழியாகத் திரும்பும். திருப்புத்திறன் க × வா. வடக்கே 'வ' தொலைவில் கிழக்கு நோக்கி 'கா' அளவு தள்ளினால்? வலஞ்சுழி. அதனால் அதைக் கழிக்க வேண்டும். ஆக, செங்குத்தாக நிற்கும் அச்சைச் சுற்றிய மொத்தத் திருப்பம்:

மேல் கூறு = க × வா − வ × கா

இதில் புதிதாக எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கதவுக் கணக்கையே இரண்டு முறை போட்டுக் கழித்திருக்கிறோம், அவ்வளவுதான். காகத்தைக் கிழக்கே கொண்டுபோய் உட்காரவைத்து மேற்கு நோக்கிப் பார்க்கச் சொன்னால், அதே நியாயத்தில் கிழக்கு அச்சைச் சுற்றிய திருப்பம் கிடைக்கும். வடக்கே உட்காரவைத்தால் வடக்கு அச்சுக்கானது.

கிழக்குக் கூறு = வ × மா − ம × வா
வடக்குக் கூறு = ம × கா − க × மா

கிழக்கு, வடக்கு, மேல், மறுபடி கிழக்கு என்று வட்டமாக எழுத்துகளை நகர்த்தினால் மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும். தனித்தனியே மனப்பாடம் வேண்டாம். நிலை வெக்டரையும் விசை வெக்டரையும் குறுக்குப் பெருக்கல் செய்வது என்பது இந்த மூன்று கணக்குகளையும் ஒரே மூச்சில் போடுவதற்கு வைத்த பெயர். மருமகன் சொன்ன அணிக்கோவை, இந்த எழுத்துகள் இடம் மாறாமல் இருக்கக் கட்டிய ஒரு சட்டம்.

விடையாக வருவதும் ஒரு வெக்டர். அதன் திசையைப் பார்த்துவிட்டு வாழை அந்தப் பக்கம் சாயும் என்று நினைப்பதுதான் புதிதாகப் படிப்பவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. அது சாயும் திசை அல்ல, அச்சின் திசை. வலக்கைக் கட்டைவிரலை அந்தத் திசையில் நீட்டினால் மற்ற விரல்கள் மடங்கும் பக்கம்தான் திருப்பம் நடக்கும். நெல்லையப்பர் கோயிலில் வலம் வருகிறீர்கள் என்றால், மேலிருந்து பார்ப்பவருக்கு அது வலஞ்சுழி. அந்தச் சுற்றுக்கு விரல்களை மடக்கிப் பாருங்கள், கட்டைவிரல் தரையைக் காட்டும். சுற்று தரையில் நடக்கிறது, வெக்டர் தரைக்குள் போகிறது. இந்த முரண் பழகிவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

இனி எண்கள். தார் சுமார் 15 கிலோ. அதன் எடை விசை 150 நியூட்டன் என்று வைப்போம், நேர் கீழாக. அது தொங்கும் இடம் கிழக்கே 0.4 மீட்டர், வடக்கே 0.3 மீட்டர், உயரம் 2.5 மீட்டர்.

நிலை (0.4, 0.3, 2.5), விசை (0, 0, −150).

கிழக்குக் கூறு: 0.3 × (−150) − 2.5 × 0 = −45.
வடக்குக் கூறு: 2.5 × 0 − 0.4 × (−150) = 60.
மேல் கூறு: 0.

திருப்புத்திறன் (−45, 60, 0). இதன் அளவு, கூறுகளின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால், 75 நியூட்டன் மீட்டர். இதைப் பழைய முறையிலும் சரிபார்க்கலாம்: தார் தண்டின் அச்சிலிருந்து 0.5 மீட்டர் தள்ளித் தொங்குகிறது, 0.5 × 150 = 75. உயரம் 2.5 மீட்டர் என்று கொடுத்தோமே, அது எங்கே போயிற்று? கணக்கிலேயே கரைந்துவிட்டது. எடை நேர்கீழாகச் செயல்படுகிறது. அந்தச் செங்குத்துக் கோட்டில் தாரை எந்த உயரத்தில் தொங்கவிட்டாலும் அடியைச் சுற்றிய திருப்பம் மாறாது. செங்குத்துத் தொலைவைத் தானே கண்டுபிடித்து, வேண்டாததைத் தானே தள்ளிவிடும் இந்தக் குணத்துக்காகத்தான் குறுக்குப் பெருக்கலை நான் கொண்டாடுகிறேன்.

அடுத்து காற்று. மேற்கிலிருந்து அடித்து இலைகளைக் கிழக்கே 100 நியூட்டன் விசையோடு தள்ளுகிறது. இலைகள் எல்லாப் பக்கமும் சமமாக விரிந்திருந்தால் விசை தண்டின் நேரே மேலே செயல்படும். நம் வாழையில் தெற்குப் பக்க இலைகள் கிழிந்துபோய், வடக்குப் பக்க இலைகள்தான் அகலமாக நிற்கின்றன. அதனால் காற்றின் விசை தண்டுக்கு வடக்கே 0.2 மீட்டர் தள்ளி, 3 மீட்டர் உயரத்தில் விழுகிறது என்று கொள்வோம்.

நிலை (0, 0.2, 3), விசை (100, 0, 0).

கிழக்குக் கூறு 0. வடக்குக் கூறு 3 × 100 = 300. மேல் கூறு 0 − 0.2 × 100 = −20.

அந்த −20 எதைச் சொல்கிறது? சாய்ப்பதைச் சொல்லவில்லை. துணி பிழிவது போல, தண்டை மேலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாக முறுக்குவதைச் சொல்கிறது. தாளில் வரைந்த பக்கவாட்டுப் படத்தில் இது கண்ணில் படவே படாது. முப்பரிமாணக் கணக்கு எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் இந்த −20-ஐத்தான் காட்டுவேன்.

இரண்டையும் கூட்டினால் (−45, 360, −20). அச்சு எதுவாக இருந்தாலும் கூறு கூறாகக் கூட்டிவிடலாம். முன்பு நம்மை மிரட்டிய இரண்டாவது சிக்கல் ஒரு வரியில் முடிந்தது.

இடையில் ஒரு செய்தி. இந்த வெக்டர் கணக்குக்கு விதை போட்டவர்களில் ஒருவர் அயர்லாந்தின் ஹாமில்டன். 1843 அக்டோபர் 16 அன்று டப்ளின் கால்வாய்க் கரையில் நடந்துகொண்டிருந்தபோது, நான்கு பகுதிகள் கொண்ட ஒரு புதிய எண் முறை அவருக்குப் பிடிபட்டது. அங்கிருந்த பாலத்தின் கல்லில் அப்போதே சூத்திரத்தைக் கீறிவைத்தார். அதே 1843-இல்தான் இங்கே நெல்லையையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் சுலோச்சன முதலியார் பாலம் தாமிரபரணியின் மேல் திறக்கப்பட்டது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லை, ஆனாலும் அந்தப் பாலத்தில் பஸ் நெரிசலில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த இன்னொரு பாலம் நினைவுக்கு வரும். ஹாமில்டனின் முறையில் புள்ளிப் பெருக்கலும் (ஒத்த கூறுகளைப் பெருக்கிக் கூட்டுவது) குறுக்குப் பெருக்கலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. அவற்றைப் பிரித்து, நாம் இன்று எழுதும் வடிவில் தம் மாணவர்களுக்காக 1881-இலும் 1884-இலும் அச்சிட்டுக் கொடுத்தவர் அமெரிக்காவின் கிப்ஸ்.

கயிற்றுக்கு வருவோம். மருமகன் தண்டில் 2 மீட்டர் உயரத்தில் கயிற்றைக் கட்டி, மேற்கே 2 மீட்டர், தெற்கே 1 மீட்டர் தள்ளி முளை அடித்திருந்தான். கயிற்று விசையின் திசையை எழுதும்போது கவனம் தேவை. கயிறு தள்ளாது, இழுக்க மட்டுமே செய்யும். எனவே தண்டின் மேல் அதன் விசை முடிச்சிலிருந்து முளையை நோக்கி இருக்கும். முடிச்சு (0, 0, 2), முளை (−2, −1, 0). முளையிலிருந்து முடிச்சைக் கழித்தால் (−2, −1, −2). இதன் நீளம் 4 + 1 + 4 = 9-இன் வர்க்கமூலம், அதாவது 3 மீட்டர். நீளத்தால் வகுத்தால் அலகு வெக்டர், அதாவது திசையை மட்டும் காட்டும், நீளம் 1 உள்ள வெக்டர். அதை இழுவிசையால் பெருக்கினால் விசை வெக்டர். இழுவிசை 270 நியூட்டன் என்றால் விசை (−180, −90, −180).

அடியைச் சுற்றித் திருப்புத்திறன்:

கிழக்குக் கூறு: 0 × (−180) − 2 × (−90) = 180.
வடக்குக் கூறு: 2 × (−180) − 0 = −360.
மேல் கூறு: 0.

நிலை வெக்டருக்கு முடிச்சைத்தான் எடுக்க வேண்டுமா? முளையை எடுத்துப் போட்டுப் பாருங்கள்: நிலை (−2, −1, 0), அதே விசை. கிழக்குக் கூறு (−1) × (−180) − 0 = 180. வடக்குக் கூறு 0 − (−2) × (−180) = −360. மேல் கூறு (−2) × (−90) − (−1) × (−180) = 180 − 180 = 0. அதே விடை. விசைக்கோட்டில் எந்தப் புள்ளியை எடுத்தாலும் இப்படித்தான் வரும். தேர்வில் எது எளிதோ அதை எடுத்துக்கொள்ளலாம்; நேரம் இருந்தால் இரண்டையும் போட்டுச் சரிபார்க்கலாம்.

இப்போது எல்லாவற்றையும் கூட்டினால்: (−45 + 180, 360 − 360, −20) = (135, 0, −20).

"வடக்குக் கூறு சுழியம் ஆகிவிட்டதே மாமா, இனி விழாது" என்றான் மருமகன்.

கிழக்கே விழாது. ஆனால் கிழக்குக் கூறு 135 மீதி இருக்கிறது. வலக்கைக் கட்டைவிரலைக் கிழக்கே நீட்டுங்கள். தண்டின் உச்சியில் விரல்கள் தெற்கே மடங்கும். காற்றிலிருந்து காப்பாற்றப் போட்ட கயிறே வாழையைத் தெற்கே இழுக்கிறது. முளை தெற்கே அதிகமாகப் போய்விட்டது. எவ்வளவு இருக்க வேண்டும் என்பதையும் வெக்டரே சொல்லும். நாம் ஈடுகட்ட வேண்டியது (−45, 360). இரண்டின் அளவும் 1-க்கு 8 என்ற விகிதத்தில் இருக்கின்றன. முளையும் தெற்கே 1 பங்கு, மேற்கே 8 பங்கு என்ற விகிதத்தில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே சுழியமாகும். மேற்கே 2 மீட்டர் என்றால் தெற்கே கால் மீட்டர். இழுவிசை சுமார் 256 நியூட்டன் வரும், ஏறக்குறைய 26 கிலோவைத் தூக்கிப் பிடிக்கும் அளவு.

தோட்டத்தில் வேலை பார்க்கும் பெரியவர் இதைக் கேட்டுக்கொண்டே நின்றிருந்தார். "காற்று என்ன அண்ணாச்சி, தினமும் ஒரே பக்கமா அடிக்கும்?" என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. அவர் சொன்னது சரி. நாம் போட்டது ஒரே ஒரு நொடிக்கான கணக்கு. காற்று ஓய்ந்தால் அந்த 256 நியூட்டன் வேண்டாம். திசை மாறினால் கயிறு தொய்ந்து சும்மா கிடக்கும். அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் ஒரு வாழைக்கு இரண்டு பக்கம் கட்டுகிறார்கள். மிக மோசமான காற்றுத் திசைகள் ஒவ்வொன்றுக்கும் இதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்ப்பதுதான் பொறியாளரின் வேலை. பணகுடிப் பக்கம் காற்றாலைக் கோபுரத்தின் அடித்தளத்துக்குச் செய்வதும் இதைத்தான், எண்கள் மட்டும் மிகப் பெரியவை.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வரும்: புள்ளியைச் சுற்றி அல்லாமல், குறிப்பிட்ட ஒரு கோட்டைச் சுற்றித் திருப்புத்திறன் கேட்டால்? வாழை வாய்க்கால் கரையில் நிற்கிறது, கரை வடகிழக்காகப் போகிறது, அதன் அலகு வெக்டர் (0.6, 0.8, 0). கயிறு இல்லாதபோது கரைக்குக் குறுக்காக வாழையைச் சாய்ப்பது எவ்வளவு? மொத்தத் திருப்புத்திறனை அலகு வெக்டரோடு புள்ளிப் பெருக்கல் செய்தால் போதும்: −45 × 0.6 + 360 × 0.8 − 20 × 0 = −27 + 288 = 261 நியூட்டன் மீட்டர். கட்டைவிரல் வடகிழக்கே, விரல்கள் தென்கிழக்கே மடங்குகின்றன. தண்ணீர் அந்தப் பக்கம் இருந்தால் தார் தண்ணீருக்குள்தான்.

பிழை வரும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். நிலை முதலில், விசை பிறகு. மாற்றிப் பெருக்கினால் எல்லாக் குறியும் தலைகீழாகிவிடும். வாழை மேற்கே விழும் என்று விடை வரும். நிலை வெக்டர் திருப்பம் கணக்கிடும் புள்ளியில் தொடங்கி விசைக்கோட்டில் முடிய வேண்டும். எதிர்த்திசையில் எழுதிவிடுவோர் உண்டு. அச்சுகளைக் கிழக்கு, தெற்கு, மேல் என்று வைத்துக்கொண்டால் வலக்கை விதி பொய்த்துவிடும். திருப்புத்திறன் சுழியம் என்பதால் விசைகளும் சுழியம் என்று நினைத்துவிடவும் கூடாது. கயிறு இழுப்பதிலும் தார் அழுத்துவதிலும் மிஞ்சும் விசையைக் கிழங்கும் மண்ணும்தான் தாங்குகின்றன.

முளையைப் பிடுங்கிக் கால் மீட்டர் கணக்குக்கு மாற்றி அடித்தபின் மீந்தது (0, 0, −20). "இந்த முறுக்கு மட்டும் போகவே போகாதா?" என்றான் மருமகன். முடிச்சு தண்டின் அச்சிலேயே இருப்பதாக வைத்த வரை போகாது. அச்சைத் தொட்டுச் செல்லும் கோட்டில் இழுத்து அந்த அச்சைச் சுற்றி முறுக்க முடியாது. கதவைக் கீலிலேயே பிடித்துத் தள்ளுவது போன்றது அது. ஆனால் வாழைக்கு நல்ல பருமன் இருக்கிறது. கயிற்றை வழுக்காமல் இறுக்கிச் சுற்றி, தண்டின் வடக்கு ஓரத்திலிருந்து புறப்படவிட்டால்? முடிச்சு (0, 0.11, 2) ஆகிறது. கயிறு மேற்கே இழுக்கும் பகுதி 180 நியூட்டன். மேல் கூறு 0 − 0.11 × (−180), ஏறக்குறைய 20.

"மற்ற இரண்டு கூறுகளும் கலைந்துவிடாதா மாமா?"

"முளையை நிலைப் புள்ளியாக எடுத்துப் போட்டுப் பார். முளையின் உயரம் சுழியம். அதனால் அந்த இரண்டு கூறுகளிலும் கயிற்றின் கீழ்நோக்கிய விசை மட்டும்தான் வரும். அதை அப்படியே 180-இல் வைத்துக்கொண்டால் இரண்டும் அசையாது."

அவன் நோட்டை எடுத்து வாழை மட்டையில் உட்கார்ந்து போட்டான். பெரியவர் அதற்குள் முடிச்சை அவிழ்த்து வடக்குப் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தார்.